பெயர் நீளமாக இருப்பதால் நிற்கும் கல்யாணம்

என் அக்கா கோகிலவாணிக்குத் தாலி கட்டப் போன நேரத்தில் நான் "அப்படியே இருங்க" என்று சொன்னேன். எல்லோரும் அப்படியே இருந்துவிட்டார்கள்.

இதில் ஆச்சரியம் இல்லை. கல்யாண மண்டபத்தில் வீடியோ எடுப்பவர் வைத்ததுதான் சட்டம். ஐயர் சொன்னால் யாராவது பஞ்சாங்கத்தைப் புரட்டிப் பார்ப்பார்கள். சம்பந்தி சொன்னால் நான்கு பேர் மறுத்துப் பேசுவார்கள். வீடியோக்காரர் சொன்னால் எதிர்ப்பேச்சு கிடையாது. இன்று வீடியோக்காரர் நான்.

கெட்டிமேளம் நடு அடியில் நின்றது. அதன் ஒரே ஒரு சத்தம் மட்டும் முடியாமல் மிக்ஸி மாதிரி நீண்டுகொண்டிருந்தது. வீசிய அட்சதை தலைகளுக்கு மேலே தங்கியது. மாப்பிள்ளை மாதேஸ்வரன் இரண்டு கைகளாலும் தாலிக்கயிற்றைப் பிடித்தபடி அக்காவின் கழுத்தருகே குனிந்து உட்கார்ந்திருந்தார்.

கேமராவின் மெமரி கார்டு நிரம்பிவிட்டது. அதுதான் காரணம். எடுத்தவரைக்கும் வேறொன்றில் ஏற்றிவிட்டுக் கார்டைக் காலி செய்தால்தான் தாலி கட்டுவதை எடுக்க முடியும். எடுக்காத தாலியை எங்கள் பக்கத்தில் தாலி என்று ஒப்புக்கொள்வதில்லை.

பெரிய ஸ்டுடியோவுக்குக் கொடுக்க வேண்டிய வேலை இது. மாலை வகுப்புக்குப் போகிறாளே, அவளே எடுக்கட்டும் என்று வீட்டில் முடிவு செய்தார்கள். மாலை வகுப்பில் நான் படிப்பது கம்ப்யூட்டர் பழுது பார்ப்பது. வீடியோ எடுப்பது அல்ல. இதை நான் வீட்டில் சொன்னேன். மனத்துக்குள் சொன்னேனோ என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது.

நான் தினமும் நடந்ததை எழுதி வைக்கிறவள். வரிசையாக எழுதினால்தான் எந்த இடத்தில் தப்பு செய்தேன் என்று தெரியும். பெரும்பாலும் முதல் வரியிலேயே தெரிந்துவிடும். இருந்தாலும் கடைசி வரை எழுதிவிடுவேன்.

கேமராவின் கண்ணுக்குள் இருப்பவர்கள் அசையக் கூடாது. வெளியே இருப்பவர்கள் நடமாடலாம். பேச்சுக்குத் தடை இல்லை. எப்படியும் மேலே பாட்டுப் போட்டுவிடுவோம். அதனால் அக்கா உதட்டை அசைக்காமல் பேசினாள்.

"மேகலா."

"சொல்லுக்கா."

"வெசையாப் பாரு, நேரமாவுது. எனக்கு இவரத்தான் கட்டிக்கோணும்."

"அதுக்குத்தானே எல்லாரும் வந்திருக்கோம்."

"இத்தன நாளா போன்லதான் பேசினோம். இன்னிக்குத்தான் இவ்வளவு பக்கத்துல பாக்கறேன். கண்ணு நல்லாருக்கு புள்ள."

மாப்பிள்ளைக்குக் காது சிவந்தது. சிவப்பது அசைவு ஆகாது என்று விட்டுவிட்டேன்.

"கை வலிக்குது மேகலா" என்றார் அவர்.

மாப்பிள்ளையின் அம்மா ராஜாமணி அத்தை மேடையின் ஓரத்தில் நின்றிருந்தார். அவருடைய வலது பாதி மட்டும் கேமராவுக்குள் இருந்தது. இடது பாதி தாராளமாக அசைந்தது.

"இத பாருங்க" என்றார் அத்தையின் இடது பாதி. "கை எறங்குச்சுன்னா தாலி எறங்கும். கட்டாத தாலி கீழ எறங்குனா இந்தச் சம்பந்தமே எங்களுக்கு வேண்டாமுங்."

"முட்டங்கைக்கு ஒரு தலகாணி குடுத்துரலாமுங்களா?" என்று கேட்டேன்.

ஐயர் கண்ணை மட்டும் என் பக்கம் திருப்பினார். "கூடாதும்மா. தாலிக் கைக்கு முட்டுக் குடுத்தா, முட்டுக் குடுத்ததுக்கும் சேத்துக் கல்யாணம் ஆயிடும். தலகாணிக்கு நான் எங்கே போயி கோத்திரம் கேப்பேன்?"

எனவே மாப்பிள்ளையின் கை இறங்குவதற்குள் நான் காப்பி செய்து முடிக்க வேண்டும்.

லேப்டாப்பை மணவறைக்கு எதிரே, நாற்காலிகளுக்கு நடுவில் உள்ள வழியில், ஒரு சாம்பார் வாளியைக் கவிழ்த்து அதன்மேல் வைத்திருந்தேன். அதிலும் இடமில்லை. என் மாலை வகுப்புப் பாடங்கள் எல்லாம் அதில் இருந்தன. கல்யாணத்தைவிடப் படிப்பு பெரிதா என்று பின்வரிசையில் யாரோ கேட்டார்கள். நியாயமான கேள்வி. பாடங்களை அழித்தேன். கிடைத்த இடம் ஒரு புகைப்படத்துக்குக்கூடப் போதவில்லை. நான் படித்தது அவ்வளவுதான்.

மிஞ்சியது, வீடியோவைச் சேமித்து வைக்கும் எஸ்.எஸ்.டி. மாப்பிள்ளை வீட்டார் சீர்த்தட்டில் தேங்காய்க்கும் பட்டுச்சேலைக்கும் நடுவில் வைத்துக் கொண்டுவந்தது. மாப்பிள்ளை வேலை பார்க்கும் இடத்தில் எல்லோரும் இதைத்தான் சீராகக் கொடுக்கிறார்களாம். சீட்டுக்கட்டைவிடச் சின்னது. இரண்டு ஊர்க் கல்யாணத்தை உள்ளே வைத்துக்கொள்ளும் என்றார்கள்.

கேபிளைச் செருகினேன். காப்பி என்று அழுத்தினேன். பச்சைக் கோடு கொஞ்சம் ஓடியது. நின்றது. எரர் என்று ஒரு கட்டம் வந்தது. அதை மூடினேன்.

வகுப்பில் ஃபெலிக்ஸ் சார் சொல்லிக்கொடுத்த முதல் விதி, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார். இரண்டாவது விதியும் இருந்தது. அது, அழித்த பாடங்களோடு போய்விட்டது.

முதலில் எஸ்.எஸ்.டியைத் திருப்பிப் பார்த்தேன். புதுப்பொருள் என்று யாரோ சுமங்கலி அதற்குச் சந்தனம் குங்குமம் வைத்திருந்தார். நான்கு மூலைக்கும் வைத்தவர் செருகும் துளைக்கும் ஒரு பொட்டு வைத்துவிட்டார். பல் குத்தும் குச்சியால் சுரண்டினேன். சந்தனம் வந்துகொண்டே இருந்தது. ஒரு கிண்ணம் நிரம்பியதும் வரவேற்பில் நின்ற பெண் அதை எடுத்துப்போய் வருகிறவர்களுக்குக் கொடுத்தாள்.

மறுபடியும் செருகினேன். எரர். மூடினேன்.

அடுத்து துளையை மாற்றினேன். லேப்டாப்பின் இடப்பக்கத்துத் துளையிலிருந்து எடுத்து வலப்பக்கத்துத் துளையில் செருகினேன். உடனே வலப்பக்க நாற்காலிகளில் இருந்த பெண் வீட்டார் எல்லோரும் எழுந்து நின்றார்கள். இடப்பக்கம் மாப்பிள்ளை வீட்டார்.

"மொதல்ல அவங்க பக்கம் குத்திட்டு, அப்பறம் நம்ம பக்கமா?" என்றார் பெரியப்பா குமாரசாமி.

பெரியப்பா எங்கள் வீட்டுக்குப் பெரியவர். அப்பா அவரைக் கேட்காமல் தும்ம மாட்டார்.

"பெரியப்பா, இது சும்மா சோதனைங்."

"மரியாதைல சோதனை கெடையாது அம்மிணி."

இரண்டு பக்கமும் இல்லாமல் பின்பக்கத் துளை ஒன்று இருந்தது. அது சமையலறையைப் பார்த்திருந்தது. சமையல்காரர்களுக்கு ஆட்சேபணை இல்லை. எரர் வந்தது. மூடினேன்.

அடுத்தது கேபிள். வேறு கேபிள் வாங்க மேனேஜர் அறைக்குப் போனேன். மணமகள் அறைக்கு அடுத்த கதவு மேனேஜர் அறை என்று காலையில் பார்த்திருந்தேன். இப்போது அடுத்த கதவிலும் மணமகள் அறை என்றே எழுதியிருந்தது. அதற்கடுத்ததிலும். ஒவ்வொன்றிலும் ஒரு மணமகள் கண்ணாடி முன்னால் உட்கார்ந்து, கொண்டையில் ஊசி குத்தப்படுவதைப் பொறுத்துக்கொண்டிருந்தாள். எல்லோரும் என்னைப் பார்த்து "ஆரம்பிச்சாச்சா?" என்று கேட்டார்கள். "கொஞ்ச நேரம்" என்று எல்லோருக்கும் சொன்னேன். பொய் சொல்லும் பழக்கம் எனக்கு இல்லை. நடக்கும் வழி நீளமாக இருந்ததால் பழகிவிட்டது.

கடைசியில் மேனேஜர் தங்கவேலு, வாழைத்தண்டுகளுக்கு நடுவில் மேசை போட்டு உட்கார்ந்திருந்தார்.

"எந்தக் கல்யாணம்?"

"நிக்கற கல்யாணமுங்க."

"நின்னு போனதா, நிக்கறதா?"

"நிக்கறதுதானுங்க. ஒரு கேபிள் வேணும். இல்லீன்னா வெளிய கடைல வாங்கிட்டு வந்தர்றேன்."

அவர் முகம் மாறியது. "வெளிக் கேபிளுக்கு மண்டபத்துல அனுமதி இல்ல. வெளிச் சமையல், வெளி மேளம், வெளிக் கேபிள். மூணும் கூடாது. மண்டபத்துக் கேபிள்தான் போடோணும்."

"சரிங்க, அதையே குடுங்க."

"அத உங்க மெஷின்ல காலைலயே போட்டாச்சே. சாயங்காலப் பார்ட்டி வர்றதுக்குள்ள உங்க மாப்ள நகர்ந்துக்குவாருங்களா?"

திரும்பி வரும்போது வழி குட்டையாக இருந்தது. இரண்டு எட்டில் வந்துவிட்டேன். அதற்குள் தாலி அக்காவின் காது மட்டத்திலிருந்து தோள் மட்டத்துக்கு இறங்கியிருந்தது. மாப்பிள்ளையின் நெற்றியில் வியர்வை உருண்டு மூக்கு நுனியில் நின்றது. அதற்கும் "அப்படியே இரு" சொல்லியிருந்தேன் போல.

"என்னாச்சு?" என்றாள் அக்கா.

"சந்தனம் இல்ல. துளை இல்ல. கேபிளும் இல்ல. மூணு காரணத்தக் கழிச்சாச்சுக்கா."

"அந்தக் கட்டத்துல என்ன எழுதியிருக்கு?"

"எந்தக் கட்டம்?"

"நீ மூடிட்டே இருக்கியே, அது."

நான் அதைப் படிக்கவே இல்லை. எரர் வந்தால் எனக்கு வெட்கமாக இருக்கும். வெட்கம் வந்தால் மூடிவிடுவேன். ஃபெலிக்ஸ் சாரின் இரண்டாவது விதி இப்போது ஞாபகம் வந்தது. எரரைப் படி.

காப்பி கொடுத்து, எரரை வரவழைத்து, முதல்முறையாகப் படித்தேன். 'பெயர் மிக நீளமாக இருக்கிறது. சுருக்கிவிட்டு மறுபடியும் முயலவும்.'

"அதத்தான் அப்ப இருந்து போட்டுட்டிருக்கான்" என்றார் முன்வரிசையில் இருந்த ஒருவர். "உங்களுக்குத் தெரியும்னு நெனச்சோம்."

பெயர் நீளமானதற்குக் காரணம் பெரியப்பா. வீடியோ வைக்கும் ஃபோல்டருக்குக் 'கல்யாணம்' என்று நான் பெயர் வைத்திருந்தேன். பத்திரிகையில் போட்ட பெயரெல்லாம் ஃபோல்டரிலும் இருக்க வேண்டும் என்றார் அவர். ஒருவர் பெயர் விட்டுப்போனாலும் அவர்கள் வீட்டு விசேஷத்துக்கு நம்மை அழைக்க மாட்டார்கள். எனவே ஃபோல்டருக்குள் ஃபோல்டராக, தெய்வத்திரு நாச்சிமுத்து தாத்தாவுக்குள் பெரியப்பா, பெரியப்பாவுக்குள் அவருடைய மகன் டாக்டர், டாக்டருக்குள் அப்பா, அப்பாவுக்குள் சித்தப்பா, அப்படியே மாப்பிள்ளை வீட்டு வரிசையும் போய், எல்லோருக்கும் உள்ளே, கடைசி ஃபோல்டரில் திருநிறைசெல்வன் மாதேஸ்வரனும் திருவளர்செல்வி கோகிலவாணியும் இருந்தார்கள். லேப்டாப்பில் அது மூச்சுப் பிடித்துக்கொண்டு அடங்கிவிட்டது. எஸ்.எஸ்.டியில் மாப்பிள்ளை வீட்டார் ஏற்கெனவே ஒரு ஃபோல்டர் திறந்து, 'ஸ்ரீ கருப்பராயன் துணை' என்று பெயர் வைத்துக் கொடுத்திருந்தார்கள். சாமியும் சேர்ந்ததும் நீளம் தாங்கவில்லை.

"சாமிய எடுத்தர்லாமுங்களா?" என்று கேட்டேன்.

மண்டபத்தில் மின்விசிறிகள் நின்றன. அவை கேமராவுக்குள்ளேயே இல்லை.

"சரிங்க. சாமி இருக்கட்டும்" என்றேன். விசிறிகள் சுற்றின.

"ஃபோல்டரே இல்லாம வெறும் வீடியோவ மட்டும் போட்டர்லாமுங்களா?"

"எங்க பேரெல்லாம் இல்லாம வீடியோ அனாதையாவா போகும்?" என்றார் பெரியப்பா.

"அப்ப யார் பேரையாவது எடுக்கோணுமுங் பெரியப்பா."

"எடு. தாராளமா எடு. என்ற பேரத் தவுத்து."

மண்டபம் முழுவதும் அதையே சொன்னது. ஒவ்வொருவரும் பெருந்தன்மையாகப் பக்கத்தில் இருந்தவரைக் காட்டினார்கள்.

பெயரைத் தொட வேண்டாம், பட்டத்தை மட்டும் எடுக்கலாம் என்று எனக்குத் தோன்றியது. எனக்குத் தோன்றுவது பொதுவாகத் தப்பாக இருக்கும். இருந்தாலும் செய்தேன். பெரியப்பா மகன் ஹரிராஜ் அண்ணன் பெயருக்கு முன்னால் 'டாக்டர்', பின்னால் எம்.பி.பி.எஸ்., எம்.டி. எல்லாவற்றையும் அழித்தேன்.

ஹரிராஜ் அண்ணன் அப்போது பின்வரிசையில் ஒரு பெரியவரின் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்துக்கொண்டிருந்தார். சட்டென்று கையை இழுத்துக்கொண்டார்.

"அப்பா, இவருக்கு உள்ள ஏதோ துடிக்குது."

"என்ன காரியம் பண்ணிட்ட அம்மிணி" என்றார் பெரியப்பா. "எத்தன லட்சம் தெரியுமா அது?"

"தம்பி, அது துடிச்சாத்தான் நல்லது" என்று அந்தப் பெரியவர் அண்ணனுக்கு விளக்கிக்கொண்டிருந்தார்.

மறுபடியும் காப்பி. எரர். படித்தேன். 'இன்னும் நீளமாக இருக்கிறது.' முன்பு 'மிக' என்று இருந்தது. இப்போது 'இன்னும்'. இதை நான் முன்னேற்றம் என்று எடுத்துக்கொண்டேன். என் வாழ்க்கையில் முன்னேற்றம் இந்த அளவில்தான் வரும்.

அடுத்து தாத்தா பெயருக்கு முன்னால் இருந்த 'தெய்வத்திரு'வை எடுத்தேன். தாத்தா போய்ச் சேர்ந்து வருடங்கள் ஆகின்றன. அவர் கோபித்துக்கொள்ளப் போவதில்லை என்று நினைத்தேன்.

வாசலில் தாத்தா செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நேராக முன்வரிசைக்கு வந்தார். இருந்தவர்கள் நகர்ந்து இடம் கொடுத்தார்கள். யாரும் அழவில்லை. அழுதால் மேக்கப் கலையும்.

"பந்தி போட்டாச்சா?" என்றார் தாத்தா.

"இன்னும் தாலியே கட்டலீங்கய்யா" என்றார் பெரியப்பா. அவர் கையைக் கட்டி நிற்பதை நான் இதுவரை பார்த்ததில்லை.

"ஏன்?"

"உங்க பேத்தி காப்பி பண்ணீட்டு இருக்குதுங்."

"பரீட்சைலயா?"

"இல்லீங்கய்யா. வீடியோவ."

தாத்தா என்னை மேலும் கீழும் பார்த்தார். "யாரு இது?"

"சின்னவளுங். மேகலா. நீங்க இருந்தப்ப கைக்கொழந்தை."

"அப்ப இருந்து இதே வேலையாவா இருக்கா?"

முயன்றேன். 'இன்னும் கொஞ்சம் நீளமாக இருக்கிறது.' தாலி அக்காவின் தோளைத் தாண்டி இறங்கிக்கொண்டிருந்தது. மாப்பிள்ளை பற்களைக் கடித்துக்கொண்டிருந்தார்.

"முடியல கோகிலா" என்றார்.

"என்னையப் பாருங்க. கையப் பாக்காதீங்க" என்றாள் அக்கா.

"உன்னையப் பாத்தா கை இன்னும் நடுங்குது."

"அப்ப ஐயரப் பாருங்க."

அவர் ஐயரைப் பார்த்தார். கை கொஞ்சம் நிலைத்தது. ஐயர் இதைப் பாராட்டாக எடுத்துக்கொள்ளவில்லை.

அந்த நேரத்தில் நான் ஒரு முடிவுக்கு வந்தேன். என் பெயரை எடுத்துவிடுவது. யாரும் கேட்காமல், யாருக்கும் சொல்லாமல். அக்காவின் கல்யாணத்துக்காகத் தங்கை மறைந்துபோவது. கேமராவை என் பக்கம் திருப்பலாமா என்றுகூட யோசித்தேன். கார்டில் இடமில்லை.

ஃபோல்டர்களை ஒவ்வொன்றாகத் திறந்து என் பெயரைத் தேடினேன். தாத்தாவுக்குள் பார்த்தேன். பெரியப்பாவுக்குள் பார்த்தேன். அப்பாவுக்குள் நன்றாகத் தேடினேன். இல்லை. பத்திரிகையை வாங்கிப் பார்த்தேன். அதிலும் இல்லை. 'மற்றும் உற்றார் உறவினர்' என்று இருந்தது.

"பெரியப்பா, என்ற பேரு எங்கீங்?"

"நீ வீடியோ எடுக்கறவதானே அம்மிணி. வீடியோ எடுக்கறவங்க பேரப் பத்திரிகைல போடற வழக்கம் இல்லியே."

இல்லாத பெயரை அழித்து யாரையும் காப்பாற்ற முடியாது. பத்திரிகையைத் திருப்பிக் கொடுத்தேன்.

"மேகலா" என்றாள் அக்கா. "என்ற பேருக்கு முன்னால என்ன போட்டிருக்கு?"

"திருவளர்செல்வி."

"அத எடு."

"அது கல்யாணம் ஆகாத பொண்ணுங்களுக்குப் போடறதுக்கா."

"தெரியும். எடு."

எல்லோரும் தாத்தாவைப் பார்த்தார்கள். தாத்தா வரிசையில் போன காப்பித் தட்டிலிருந்து ஒரு டம்ளரை எடுத்து ஊதிக்கொண்டிருந்தார். நான் அழித்தேன்.

அக்காவின் கழுத்தில் தாலி இருந்தது.

மாப்பிள்ளையின் கையில் இருந்தது அவர் கையிலேயே இருந்தது. இது வேறு. கயிற்றில் மஞ்சள் மங்கி, வியர்வை பட்டுப் பட்டு ஓரம் நைந்திருந்தது. இரண்டு ஊக்குகள் அதில் தொங்கின. அக்காவின் முகத்திலும் ஒரு மாற்றம் வந்திருந்தது. பால் பொங்கும் வாசனை வந்தால் திரும்பிப் பார்ப்பவளின் முகம்.

"கட்டியாச்சா?" என்றார் ஐயர்.

"ஆச்சுங்க. ரொம்ப நாளாச்சு போலிருக்கு" என்றாள் அக்கா.

அத்தையின் இடது பாதி நெஞ்சில் கை வைத்தது. "யாரு கட்டுனது?"

"உங்க பையன்தானுங்க அத்தை."

"அவன் இன்னும் கட்டவே இல்லியே. கையில வெச்சுட்டு உக்காந்திருக்கான் பாரு. அவன் பேருக்கு முன்னால இன்னும் திருநிறைசெல்வன்னு இருக்கு. கல்யாணம் ஆன பொண்ணுக்கு, கல்யாணம் ஆகாத என்ற பையன் தாலி கட்டறதா? ஏனுங்க, நீங்களே சொல்லுங்க."

மாப்பிள்ளை வீட்டார் பக்கத்தில் நாற்காலிகள் நகரும் சத்தம் கேட்டது. சிலர் தாம்பூலப் பையைத் தேடினார்கள். நான் பழுது பார்த்தால் இப்படித்தான். முதலில் ஒரு பழுது இருக்கும். பிறகு இரண்டு இருக்கும். அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கல்யாணம் ஆனவளாக, ஆனால் யாரோடு என்று தெரியாதவளாக.

"மேகலா, அவரோடதையும் எடு. வெசையா."

திருநிறைசெல்வனை அழித்தேன். அழியவில்லை. ஒரு கட்டம் வந்தது. கை மூடப் போனது. மூடவில்லை. படித்தேன். 'இந்த ஃபோல்டரை வேறொருவர் திறந்து வைத்திருக்கிறார். மூடிவிட்டு மறுபடியும் முயலவும்.'

திறந்திருந்த எல்லாவற்றையும் மூடினேன். மறுபடியும் அதே கட்டம். வேறு யார் திறந்து வைத்திருக்கிறார்கள் என்று முறைப்படி யோசித்தேன். யோசித்தபடியே கேமரா வழியாக மேடையைப் பார்த்தேன். அத்தையின் வலது கை, அசையக் கூடாத கை, மாப்பிள்ளையின் அங்கவஸ்திரத்தின் நுனியைப் பிடித்திருந்தது. காலையிலிருந்தே பிடித்திருந்தது. எடுத்த எல்லாக் காட்சியிலும் அது இருந்தது. நான் அலங்காரம் என்று நினைத்துவிட்டேன்.

"அத்தை, நீங்க மூடோணுமுங்."

"என்னத்த?"

"மாதேஸ்வரன் மாமாவ."

"நான் தொறக்கவே இல்லியே."

"அந்த நுனியப் புடிச்சிருக்கீங்."

அத்தை கண்ணை மட்டும் தாழ்த்தித் தன் கையைப் பார்த்தார். அதுவரை அது தன் கை என்று அவருக்குத் தெரியாது போல.

"அது நழுவீரும்னு புடிச்சிருக்கேன். சின்னதுல இருந்தே இவனுக்கு ஒடம்புல துணி நிக்காது."

"அம்மா" என்றார் மாப்பிள்ளை. "உடுங்க."

"உட்டா விழுந்துரும் சாமி."

"விழாதுங்மா."

"பள்ளிக்கூடத்துல விழுந்துச்சே."

"அது ஒண்ணாப்புங்மா. எல்லாரும் கேக்கறாங்."

தாலி அக்காவின் முழங்கை வரைக்கும் வந்துவிட்டது. மேளத்தின் அந்த ஒரே சத்தம் மட்டும் நீண்டுகொண்டிருந்தது. தாத்தா டம்ளரைக் கீழே வைத்தார்.

"கேமரால இருக்கறப்ப அசையலாமா கண்ணு?" என்று அத்தை என்னைக் கேட்டார். இத்தனை நேரத்தில் அவர் என்னிடம் அனுமதி கேட்டது அதுதான் முதல்முறை. யாராவது என்னிடம் அனுமதி கேட்டதே முதல்முறையாக இருக்கலாம்.

"அசையலாமுங் அத்தை."

அவர் சுண்டுவிரலை எடுத்தார். பிறகு அடுத்த விரலை. கடைசியில் கட்டைவிரல் மட்டும் துணியில் கொஞ்ச நேரம் இருந்தது. அதையும் எடுத்தார். அங்கவஸ்திரம் விழவில்லை. தோளிலேயே நின்றது. அத்தை அதையே பார்த்துக்கொண்டிருந்தார். விழுந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்பதுபோல.

மறுபடியும் முயன்றேன். திருநிறைசெல்வன் போய்விட்டது.

"மோட்டார் போட்டியா காலைல?" என்றார் மாதேஸ்வரன் மாமா.

"நீங்க போட்டிருப்பீங்கன்னு நெனச்சேன்" என்றாள் அக்கா.

"நான் எப்பப் போட்டேன்? நான்தான் காலைல இருந்து கையத் தூக்கிட்டு உக்காந்திருக்கேனே."

"அதுக்கு முன்னால போட்டிருக்கலாமில்ல."

அவர் தாலியை விட்டுவிட்டு, மோட்டார் ஸ்விட்ச் இருக்கும் திசையைக் கையை நீட்டிக் காட்டினார். அக்கா வேறு திசையைக் காட்டினாள். இருவரும் எழுந்து, எந்தத் திசை என்று பேசிக்கொண்டே மேடையிலிருந்து இறங்கிப் பந்திக்குப் போனார்கள். போகும்போது அக்கா அவருடைய மூக்கு நுனியில் நின்ற வியர்வையை முந்தானையால் துடைத்துவிட்டாள். அவரும் பேச்சை நிறுத்தாமல் மூக்கை நீட்டினார்.

அத்தை கொஞ்சம் தள்ளிப் பின்னாலேயே போனார். கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் தாத்தாவின் காலி டம்ளரை எடுத்துக்கொண்டார்.

மறுபடியும் காப்பி கொடுத்தேன். பச்சைக் கோடு முழுவதும் ஓடி முடிந்தது. எரர் இல்லை. இருந்தாலும் நான் ஒவ்வொரு ஃபைலாகத் திறந்து பார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தது. அட்சதை, மேளம், சீர்த்தட்டு, நுனியைப் பிடித்திருக்கும் அத்தையின் கை. தாலி கட்டுவது மட்டும் இல்லை. அது நடக்கவே இல்லை.

கார்டில் இருந்ததை அழித்துவிட்டுக் கேமராவை நிமிர்த்தினேன். கார்டு முழுவதும் காலி. "ஆச்சுங்க" என்றேன்.

அட்சதை விழுந்தது. வெறும் மணைகளின்மேல் விழுந்தது. மேளம் மிச்சமிருந்த அடியை அடித்து முடித்தது. கேட்பதற்கு ஐயரும் நானும்தான் இருந்தோம். மற்றவர்கள் இலைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்கள்.

மாமா விட்டுவிட்டுப் போன தாலி, விட்ட இடத்திலேயே காற்றில் இருந்தது. மணைக்குச் சற்று மேலே. கயிற்றின் இரண்டு நுனிகளும் கழுத்தைச் சுற்றப் போகிற மாதிரி வளைந்திருந்தன.

"இத என்ன பண்றதும்மா?" என்றார் ஐயர்.

"தெரியலீங்க. நான் அந்த வகுப்பு படிக்கல."

அவர் தட்சணைத் தட்டை மூடிக்கொண்டு பந்திக்குப் போனார்.

இவ்வளவு பாடுபட்டுக் காலி செய்த கார்டை வீணாக்கக் கூடாது என்று தோன்றியது. கேமராவைத் தாலியின் மேல் வைத்தேன். அது அசையவில்லை. யாரும் குறுக்கே வரவில்லை. கார்டு நிரம்பும்வரை எடுத்தேன். அன்று நான் எடுத்ததிலேயே நடுங்காத காட்சி அதுதான்.